இரவல் கொடுத்த கையெழுத்து

கருவாட்டுக் களத்தைச் சுற்றி மூன்று பக்கம் தகரம் அடித்து முடித்துவிட்டார்கள். கடல் பார்த்த பக்கம் மட்டும்தான் பாக்கி. லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்கள் இப்போது அந்த ஒரு வழியாகத்தான் நெத்திலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு களத்துக்குள் போய் வருகிறார்கள். தகரம் அடிக்கிற ஆட்களைக் குறை சொல்ல முடியாது, மரியாதை தெரிந்தவர்கள். "யக்கா, பாத்து, கிழிச்சிடப் போவுது" என்று ஒதுங்கி நின்று வழி விடுகிறார்கள். வழி விட்டுவிட்டுத் திரும்பவும் சுத்தியலை எடுக்கிறார்கள்.

களம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சிமெண்டுத் தளம், ஓரத்தில் உப்பு வைக்க ஒரு கொட்டகை, காக்காய்க்கு மேலே இழுத்துக் கட்டிய பழைய வலை. ஆனால் அது இல்லாவிட்டால் மீனை மணலில்தான் காயப்போட வேண்டும். மணல் ஒட்டின கருவாட்டைக் கோழித் தீவனக்காரனைத் தவிர ஒருத்தனும் தொடமாட்டான். புறம்போக்கில் சும்மா கிடந்த அந்தத் தளத்தை, பெண்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்துக் குத்தகைக்கு வாங்கியிருந்தார்கள். கம்பெனிக்குக் கையெழுத்துப் போடுகிற டைரக்டர் கலைவாணி. 'எங்களுக்குக் களம் வேண்டாம், திருப்பி ஒப்படைக்கிறோம்' என்று அந்தக் கம்பெனி பேரில் ஒரு கடிதம் போயிருக்கிறது. இடம் குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறவர்கள் கைக்குப் போய்விட்டது. கடிதத்தின் அடியில் இருப்பது கலைவாணியின் கையெழுத்து.

அப்படி ஒரு கடிதத்தை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

குத்தகை கொடுத்த ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர், அதுதான் கஷ்டமாகப் போயிற்று. கத்துகிற ஆளாக இருந்தால் இவளும் பதிலுக்கு ஒரு பிடி பிடித்திருப்பாள். கத்துவதில் குப்பத்துப் பெண்களை ஜெயிக்க ஆள் கிடையாது. அவரோ நாற்காலி போட்டு உட்காரவைத்து, கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதுல பச்சை டிக் தெரியுதாம்மா? கையெழுத்து உங்களோடதுதான்னு கம்ப்யூட்டரே சரிபார்த்துச் சொல்லுது. கடிதத்துல ஒரு எழுத்து மாத்தியிருந்தாலும் இந்த டிக் வராது."

"நான் போடலைங்க."

"பேனாவால போட்டிருந்தா, மாதிரி பார்த்து யாரோ போட்டுட்டாங்கன்னு சொல்லலாம். இதுக்கு உங்க டோக்கன் வேணும், உங்க பின் நம்பர் வேணும். அது ரெண்டும் இல்லாம இந்தக் கையெழுத்து விழாது. நீங்க போடலைன்னா வேற யாரு போட்டது?"

அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே கலைவாணிக்கு ஆள் தெரிந்துவிட்டது.

அவள் முகத்தைப் பார்த்து அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணுங்க. உங்க டிஜிட்டல் சர்டிபிகேட்டை ரத்து பண்ணச் சொல்லுங்க. என்ன காரணம்னு கேப்பாங்க. தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்கன்னா இன்னையிலேர்ந்துதான் செல்லாது, போன மாசம் போட்டது போட்டதுதான். ஆனா, அது வேற ஒருத்தர் கையில இருந்துச்சு, இன்ன தேதியிலேர்ந்து இருந்துச்சு, இன்னார் கையில இருந்துச்சுன்னு சொல்லி ரத்து வாங்கிட்டு வந்தீங்கன்னா, நான் ஃபைலை நிறுத்தி வைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும்."

இன்னார் கையில. அந்த ஒரு சொல்தான் பஸ்ஸில் வரும் வழி முழுக்க அவளை அரித்தது.

உதயகுமார் அவளுடைய தம்பி. நைனா போன பிறகு மீன் விற்று, கருவாடு விற்று அவனை பி.காம். வரைக்கும் படிக்கவைத்தது அவள்தான். இப்போது பொன்னேரியில் ஒரு ஆடிட்டரிடம் வேலை. கம்பெனி என்றால் டைரக்டருக்கு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும் என்று அவன்தான் சொன்னான், அவன்தான் எல்லாம் செய்தான். அக்காவின் ஆதாரைப் போட்டான், பான் கார்டைப் போட்டான், ஒரு ஈமெயிலும் புதிதாகத் திறந்தான். அப்புறம் வீடியோ எடுக்க வேண்டும் என்றான். நேரில் போய் ஆளைப் பார்க்காமலேயே இந்தப் பொம்பளைதான் அந்தப் பொம்பளை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

அந்த வீடியோவுக்காகக் கலைவாணி பட்டுப் புடவை கட்டினாள். இதற்கு எதற்கடி பட்டு என்று அவள் புருஷன் பூபதி கேட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பான் கார்டை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். உதயகுமார் எதிரே போனைப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லவேண்டியதைச் சத்தமில்லாமல் உதட்டால் சொல்லிக் கொடுத்தான். 'என் பெயர் கலைவாணி. இந்தச் சான்றிதழுக்கு நானே விண்ணப்பிக்கிறேன். டோக்கனும் பின் நம்பரும் என் பொறுப்பில் மட்டுமே இருக்கும்.' மூன்றாவது வரியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரவாயில்லை, சிரிச்ச முகம்தான் நல்லா கீது என்றான் தம்பி.

டோக்கன் என்பது விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. அதை லேப்டாப்பில் செருகிவிட்டு அவன் விளக்கினான். "இதுக்குள்ள இப்போ ரெண்டு சாவி ஒண்ணா பொறக்கும் க்கா. ஒண்ணு குச்சிக்குள்ளயே கெடக்கும். அதை எந்தக் கொம்பனாலயும் வெளிய எடுக்க முடியாது, எனக்கே முடியாது. அதாலதான் கையெழுத்து போடறது. இன்னொண்ணு ஊருக்கு. நீ போட்ட கையெழுத்த அத்த வெச்சி யாரு வேணா சரிபாக்கலாம். அந்த ஊர் சாவிய மேல இருக்கற ஆபீசுக்கு அனுப்புவோம். அவங்க உன் வீடியோவப் பாத்து, இந்த சாவி இந்தம்மாளோடதுதான்னு அவங்க கையெழுத்தப் போட்டுத் திருப்பி அனுப்புவாங்க. அதுக்குப் பேருதான் சர்டிபிகேட்."

"அவங்க கையெழுத்து நெசம்னு யாரு சொல்றது?"

"அதுக்கும் மேல ஒரு ஆபீஸ் கீது."

"அதுக்கும் மேல?"

"அதுக்கு மேல யாரும் இல்ல. அவங்கள நம்பித்தான் ஆவணும்."

பின் நம்பர் என்ன வைக்கலாம் என்று யோசித்து, நைனாவின் படகு நம்பரை வைத்தார்கள். படகு எப்போதோ கைமாறிப் போய்விட்டது. அதில் நம்பர் எழுதின நாளில் அக்கா பெயிண்ட் டப்பாவைப் பிடிக்க, தம்பி வால் மாதிரி கூடவே நின்றது இரண்டு பேருக்கும் மறக்கவில்லை. சர்டிபிகேட் வந்து குச்சிக்குள் இறங்கினதும் அவன் அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். அவள் திருப்பி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"நான் வெச்சிக்கினு இன்னாடா பண்ணப் போறேன், உப்புல கெடந்து வீணாப் பூடும். என் பாட்டுக்கு நீ போ."

படித்தவர்கள் யாராவது கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் குப்பத்தில் அது ஒரு பெரிய பேச்சே இல்லை. பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் இன்றைக்கு யார் வலை போடுவது என்று சீட்டு எடுத்து முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். உடம்புக்கு முடியாதவன் தன் பாட்டை அண்ணன் தம்பிக்கோ மச்சானுக்கோ இரவல் கொடுத்து அனுப்புவான். போகிறவன் வேறு ஆள், பேர் மட்டும் பாட்டுக்காரனுடையது. நல்லது வந்தாலும் அவனுக்கு, வம்பு வந்தாலும் அவனுக்கு. பிறந்ததிலிருந்து அதையே பார்த்தவளுக்குக் கையெழுத்தை இரவல் கொடுப்பது தப்பாகத் தோன்றவில்லை.

இரவல் கொடுத்த பாட்டைத் திருப்பி எடுக்கவும் ஒரு வழி உண்டு, ஒரே வழிதான். ஊர் கூடியிருக்கும்போது மணலில் நின்று, 'இன்னாருக்குக் குடுத்தேன், திருப்பி எடுத்துக்கறேன்' என்று பேர் சொல்ல வேண்டும். பேர் சொல்லப்பட்டவனுக்கு அதற்குப் பிறகு ஒருத்தரும் எதையும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். பெண் கொடுக்கிறவனும் நாலு தரம் யோசிப்பான். அதனால் யாரும் பேர் சொல்வதில்லை.

பூபதியும் சொல்லவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் அவன் பாட்டை இரவல் வாங்கிப் போன சித்தப்பா மகன் ரங்கன், அடுத்தவன் இடத்தில் வலையைப் போட்டு இறால் வாரிக்கொண்டு வந்துவிட்டான். ஊர் கூடி, யாரப்பா போனது என்று கேட்டது. எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் பாட்டுக்காரன் வாயால் சொல்ல வேண்டும். பூபதி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த சீசன் முழுக்க அவனுக்குப் பாடு இல்லை. கலைவாணி அவனை அன்றைக்கு விட்டாளா? "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்று சோறு போடும்போதெல்லாம் கேட்டாள். அவன் பதில் சொன்னதே இல்லை.

ஆபீசிலிருந்து வந்த கையோடு தம்பிக்குப் போன் போட்டாள். அவன் மறைப்பான், மழுப்புவான், அப்போது நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கலாம் என்று இருந்தாள். அவன் மறைக்கவே இல்லை.

"ஆமாக்கா, நான்தான் போட்டேன். வெயில்ல வெந்து சாவற நீ. கிடங்கு வந்தா உங்க எல்லாருக்கும் உள்ள நெழல்ல வேலை. எனக்கு அங்க மேனேஜர் போஸ்ட்டு சொல்லிகிறாங்க. உன்னாண்ட சொன்னா நீ கஸ்தூரியம்மாளாண்ட சொல்லுவ, அவங்க ஊரக் கூட்டுவாங்க, எப்ப முடியறது?"

"என் பேர்ல போட்டியேடா."

"உன் பேர்ல நான் போடாத கையெழுத்து எதுக்கா? ஜிஎஸ்டிக்கு நான்தான் போட்டேன், உப்புக் கொட்டாய்க்கு நான்தான் போட்டேன். அப்பல்லாம் நீ ஒரு வார்த்த கேக்கல. அதெல்லாம் உன் கையெழுத்துன்னா இது மட்டும் எப்படி இல்லாம பூடும்?"

அவன் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது.

களத்துக்குப் போனால் அங்கே கஸ்தூரியம்மாள் நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அவளும் ஒரு பங்கு, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். மூன்று பக்கமும் தகரம் வந்த பிறகு காற்று ஓட வழியில்லை, வெயில் மட்டும் தாராளமாக வந்தது. மீன் காய்வதற்குப் பதில் புழுங்கி நாறிக்கொண்டிருந்தது.

"நான் போடல யம்மா. சத்தியமா போடல."

"நீ போட்டன்னு நான் சொன்னேனா? நீ போடமாட்டன்னு எனக்குத் தெரியாதா?" நெத்திலியிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள் கஸ்தூரியம்மாள். "யாராண்ட குடுத்தன்னும் தெரியும். ஆனா உன் பாடு அது. நீ சொல்லாம நாங்க யாரும் அந்தப் பேர எடுக்க மாட்டோம். உன் ஊட்டுக்காரன் கதையத்தான் பாத்தமே."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது கலைவாணிக்கு. பேர் சொன்னால் தம்பி போனான். ஆடிட்டர் ஒரு நாள் வைத்துக்கொள்ள மாட்டார், போலீஸ் வரைக்கும் போனாலும் போகும். சொல்லாவிட்டால் களம் போயிற்று, அதோடு இத்தனை பெண்களின் பிழைப்பும் போயிற்று. அங்கேயே கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கடல் பக்கம் தவிர எங்கே திரும்பினாலும் தகரம்தான் தெரிந்தது. சாயங்காலம் பூபதி வந்து கூப்பிடும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அவனே கூடையை எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை காலையில் பழவேற்காடு கடைத்தெருவில் பவித்ராவின் கடைக்குப் போனாள். ஆதார், பட்டா, மின்சார பில் என்று எல்லாம் செய்துதருகிற சின்னக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். பவித்ரா சுறுசுறுப்பான பெண், பாதி கேட்டதும் சர்டிபிகேட் கொடுத்த இடத்து உதவி நம்பருக்குப் போன் போட்டுவிட்டாள்.

"ரத்து பண்ண ஓடிபி வரும், சொல்லுங்கக்கா."

கலைவாணி தன் போனைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பவித்ரா மறுபடி கேட்டு, முகத்தைச் சுளித்தாள். "அக்கா, இதுல கொடுத்திருக்கறது உங்க நம்பரே இல்லியே. வேற யாருக்கோ போயிருக்கு."

யாருக்கோ என்ன, உதயகுமாருக்குத்தான். அடுத்த நிமிஷம் கலைவாணியின் போனில் தம்பி கூப்பிட்டான். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். பிறகு நின்றுவிட்டது. பைக்கை எடுத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தன் கையெழுத்தை நிறுத்துவதற்குக்கூடத் தன்னால் முடியவில்லை, அதற்கும் தம்பி கையில் வருகிற நம்பர்தான் வேண்டியிருக்கிறது.

"ஓடிபி இல்லன்னா வீடியோவாம்க்கா," என்றாள் பவித்ரா. "மொதல்ல எடுத்த வீடியோவோட முகம் ஒத்துப்போவுதான்னு பாப்பாங்களாம். பேரு சொல்லி, காரணம் சொல்லணும். தொலைஞ்சிடுச்சா, வேற ஆள் கையில இருந்துச்சா? வேற ஆள்னா யாரு, எப்போலேர்ந்துன்னு உங்க வாயால வரணுமாம்."

பவித்ரா போனைத் தூக்கிப் பிடித்தாள். கலைவாணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இந்தத் தடவை பட்டு இல்லை, களத்துக்குக் கட்டுகிற புடவை. கண்ணாடிக் கண் மாதிரி இருந்த போன் கேமராவைப் பார்த்து, தம்பி எதிரில் இல்லாத துணிச்சலில், கடகடவென்று சொல்லிவிட்டாள்.

"என் பேரு கலைவாணி. டோக்கனும் பின் நம்பரும் வாங்கின அன்னிக்கே என் தம்பி உதயகுமாராண்ட குடுத்துட்டேன். திருப்பி எடுத்துக்கறேன்."

"திருப்பி எடுத்துக்கறேன்லாம் வேணாம்க்கா. ரத்து பண்ணுங்கன்னு சொன்னா போதும்." பவித்ராவுக்குச் சிரிப்பு வந்தது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். சொல்லியாயிற்று, இனி அவன் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று கலைவாணி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பதில் வந்தது. பவித்ரா படித்துவிட்டு உச்சுக் கொட்டினாள். "அந்த ஆரம்பாக்கம் பஸ்ஸு, பேரு சொல்ற எடத்துல ஹாரன் அடிச்சித் தொலைச்சிருக்கான். சத்தம் தெளிவா இல்லியாம். இன்னொரு வாட்டி எடுக்கணுமாம்க்கா."

அப்போதுதான் பைக் வந்து நின்றது.

உதயகுமார் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பேண்ட் பையிலிருந்து குச்சியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினான். அவன் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"இந்தா, நீயே வெச்சிக்கோ. இனிமே தொடமாட்டேன். அம்மா மேல சத்தியம். தொலைஞ்சிடுச்சுன்னு மட்டும் சொல்லிடுக்கா. ஒரே ஒரு வார்த்த. இல்லன்னா எனக்கு எங்கியும் வேலை இல்ல, தெரியுமா? எந்தக் கம்பெனியும் சேத்துக்காது."

"களம்?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். சின்ன வயதில் அழுவதற்கு முன்னால் அவன் மூக்கு நுனி சிவக்கும், இப்போதும் அப்படித்தான் சிவந்திருந்தது. அவனை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அதே நேரம் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அக்கா, எடுக்கட்டுமா?" என்றாள் பவித்ரா. அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது, குரலில் சிரிப்பு இல்லை. கதவைச் சாத்தினாள், பஸ் சத்தம் வராமல் இருக்க. கடையில் நகர இடமில்லை. உதயகுமார் பவித்ராவுக்குப் பின்னால் சுவரோடு ஒண்டி நின்றான். போனைப் பார்த்தால் அதற்கு மேலே அவன் முகம்தான் தெரிந்தது. பட்டுப் புடவை கட்டின அன்றைக்கும் எதிரே அந்த முகம்தான் நின்றது.

பூபதி ஏன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று கலைவாணிக்கு இப்போது தெரிந்தது. இத்தனை வருஷம் அவனைக் கேட்ட கேள்வி இப்போது அவளிடமே திரும்பி வந்தது. ஆனால் அவளால் தரையைப் பார்க்க முடியாது. முகம் நேராக இருந்தால்தான் வீடியோ செல்லும்.

"என் பேரு கலைவாணி," என்றாள். "டோக்கனும் பின் நம்பரும் என்னாண்ட இருந்ததில்ல. வாங்கின அன்னிக்கே குடுத்துட்டேன்."

பேச்சு அதோடு நின்றது. பவித்ரா போனை அசைக்காமல், சொல்லுங்க என்பது போலக் கண்ணால் கெஞ்சினாள். உதயகுமாரின் உதடு அசைந்தது. தொலைஞ்சிடுச்சு என்றுதான் சத்தமில்லாமல் சொல்லிக்கொடுத்தான், அன்றைக்குச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி.

"என் தம்பி உதயகுமாராண்ட," என்றாள் கலைவாணி. அவனைப் பார்த்தே சொன்னாள். "ரத்து பண்ணுங்க."

பவித்ரா அனுப்பினாள். கதவைத் திறக்க யாருக்கும் தோன்றவில்லை. மூடின விரலுக்குள் குச்சியின் சூடு ஆறிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆகவில்லை. உள்ளே ஒரு போன் மணி அடித்தது. பவித்ராவுடையது இல்லை, கலைவாணியுடையதும் இல்லை. உதயகுமாரின் சட்டைப் பையில்தான் அடித்தது. அங்கே கொடுத்திருந்தது அவன் நம்பர்தானே.

அவன் எடுத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"படிடா," என்றாள் அக்கா.

அவன் படித்தான். அவளுடைய முழுப் பேரையும் சொல்லி, அவள் கேட்டுக்கொண்டபடி அவள் கையெழுத்து இனி செல்லாது, டோக்கனைக் கொடுத்த நாளிலிருந்தே செல்லாது என்று ஒரு வார்த்தை விடாமல் படித்து முடித்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.